மலைச் சாலையும் மக்கள் சுமையும்

பிழைப்பை முன்னிட்டுத் தென்னாட்டிலிருந்து வடபுலம் வந்து குடியேறிய நம்மவர்க்குக் கோடைக்காலம் ஒரு சோதனைக்காலம். தில்லியிலும் கான்பூரிலும் சண்டிகரிலும் வைகாசி, ஆனி மாதங்களில் வீசுகின்ற ‘லூ’ என்னும் அனற்காற்றை அநுபவித்தவர்களுக்கு அதன் கொடுமையை எடுத்துக் கூற வேண்டுவதில்லை. பள்ளிகளுக்கு விடுமுறை விட்டதும், சொந்த ஊருக்குப் போய்வர விடுப்போ பொருளோ போதாத குடும்பங்கள், நாலைந்து நாளேனும் மலைமேல் தங்கி வரலாம் என்று எண்ணுவது இயல்பே. அவ்வாறு புறப்படுகிறவர்களுள் பலர் நாடும் ஊர் சிம்லா. கடல் மட்டத்திற்குமேல் சுமார் 2,200 மீட்டர் உயரத்தில், தேவதாரு மரங்களுக்கு நடுவே, ஒரு நீண்ட மலைமுகட்டின்மேல் வரிசையாக அமர்ந்திருக்கிறது இந்நகரம். மால் வீதியில் உலாவுகிறோம்; ரிட்ஜ் என்னும் திடலில் நின்று வடக்கே தெரியும் பனிமலைகளைக் காண்கிறோம்; ஜாக்கு குன்றேறி அநுமனைத் தரிசிக்கிறோம்; குஃப்ரி வரையில் வண்டியில் போய்த் திரும்புகிறோம். அவ்வளவில் நம் யாத்திரை நிறைவெய்திவிடுகிறது.

காட்சியைக் கண்டு களிப்பதில் குற்றமொன்றும் இல்லை. ஆயினும், நாம் வண்டியேறிச் செல்லும் அந்த அழகிய மலைச் சாலையை யார் போட்டார்கள், யாருக்காகப் போட்டார்கள், அதில் யார் எதைச் சுமந்து நடந்தார்கள் என்று ஒரு கேள்வியை எழுப்பிக்கொண்டால், அந்தச் சாலை வேறொரு கதையைச் சொல்லத் தொடங்கும். அந்தக் கதையையே இங்கே நாம் சுருக்கமாக ஆராயப் போகிறோம்.

சிம்லா புராதன நகரமன்று. சியாமளா தேவியின் பெயரால் அமைந்தது என்று கூறப்படும் ஒரு சிறு மலைக்கிராமமே பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே இருந்தது. அந்நாளில் இம்மலைநாடு முழுவதும் நேபாளத்துக் கூர்க்காக்களின் ஆதிக்கத்தில் இருந்தது. 1814ஆம் ஆண்டில் கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் நேபாளத்திற்கும் போர் மூண்டது. 1815ஆம் ஆண்டு மே மாதம், மலாவுன் என்னும் கோட்டையில், கூர்க்காப் படைத்தலைவராகிய அமர்சிங் தாபா ஆங்கிலத் தளபதி ஆக்டர்லோனியிடம் பணிய நேர்ந்தது. வென்ற கம்பெனியார், சிறு சிறு மலைநாட்டு மன்னர்களுக்கு அவரவர் நாட்டைத் திருப்பிக் கொடுத்தனர். சபாத்து, கோட்கட் முதலிய முக்கியமான இடங்களைத் தம்மிடமே வைத்துக்கொண்டனர்.

திருப்பிக் கொடுத்தபோது மன்னர்களுக்கு ‘சனது’ என்னும் உரிமைப் பத்திரங்கள் அளிக்கப்பட்டன. அப்பத்திரங்களில் கண்ட நிபந்தனைகளுள் இரண்டை நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும். தம் எல்லைக்குள் சாலைகளை அமைத்துத் தர வேண்டும் என்பது ஒன்று. கம்பெனியார் வேண்டியபோது ‘பேகார்’ ஆட்களை அனுப்ப வேண்டும் என்பது மற்றொன்று. பேகார் என்பது கட்டாய ஊழியம். நம் நாட்டில் வெட்டி வேலை என்று வழங்கினோமே, அதன் உடன்பிறப்பு. ஆகவே, சிம்லா என்னும் நகரம் பிறப்பதற்கு முன்பே, அதற்குச் செல்லும் சாலையும், அச்சாலையில் சுமை தூக்கவேண்டிய முதுகும் ஒரே பத்திரத்தில் எழுதப்பட்டுவிட்டன.

1819ஆம் ஆண்டில் ராஸ் என்னும் ஆங்கில அதிகாரி சிம்லா மலைமீது மரத்தால் ஒரு குடிலை எழுப்பினார். 1822ஆம் ஆண்டில் கென்னடி என்பவர் முதன்முதலாக நிலையான வீடு ஒன்றைக் கட்டினார். ஏறத்தாழ அதே ஆண்டுகளில் தெற்கே கோயம்புத்தூர்க் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் உதகமண்டலத்தில் தமது கல்வீட்டைக் கட்டத் தொடங்கினார் என்பதை நாம் ஒப்பிட்டுப் பார்க்கலாம். வடகோடியிலும் தென்கோடியிலும் ஒரே காலத்தில் ஆங்கிலேயர் வெப்பத்திற்கு அஞ்சி மலையேறினர். 1827ஆம் ஆண்டில் ஆம்ஹர்ஸ்ட் பிரபு சிம்லாவில் கோடையைக் கழித்தார். அவ்வாறு செய்த முதல் கவர்னர் ஜெனரல் அவரே. 1838ஆம் ஆண்டில் ஆப்கானிஸ்தானத்தின்மீது போர் தொடுப்பதற்கான அறிக்கையை ஆக்லண்டு பிரபு சிம்லாவிலிருந்தே வெளியிட்டார். உல்லாசத்திற்காகத் தேடிய ஊர் இவ்வாறு மெல்ல மெல்ல அரசாங்கத்தின் ஊராக மாறிற்று.

1864ஆம் ஆண்டில், வைஸ்ராயாக இருந்த ஜான் லாரன்ஸ், சிம்லாவைக் கோடைக்காலத் தலைநகராக ஆக்கினார். அதுமுதல் இரண்டாம் உலகப் போர்க்காலம் வரையில், ஆண்டுதோறும் இந்திய அரசாங்கமே மூட்டை கட்டிக்கொண்டு மலையேறிற்று. முதலில் கல்கத்தாவிலிருந்தும், 1911ஆம் ஆண்டு அறிவிப்பினால் தலைநகரம் மாறிய பின்னர் தில்லியிலிருந்தும், இலாகா இலாகாவாகக் காகிதக் கட்டுகளும் பெட்டிகளும் சென்றன. கூடவே உத்தியோகஸ்தர்களும் குமாஸ்தாக்களும் குடும்பத்தோடு சென்றார்கள். அக்குமாஸ்தாக்களுள் நம்மவரும் இருந்தனர். கணக்கிலும் ஆங்கிலத்திலும் தேர்ச்சி பெற்ற தென்னாட்டு இளைஞர்கள் மத்திய சர்க்கார் அலுவலகங்களில் சேர்ந்து, பங்குனியில் மலையேறி ஐப்பசியில் இறங்கும் வாழ்வை ஏற்றுக்கொண்டனர். காவிரிக்கரையில் பிறந்தவர்கள் கம்பளிச் சட்டைக்குள் நடுங்கிக்கொண்டே அரிசியும் புளியும் தேடி அலைந்த அந்த நாட்களே, இன்று வடநாட்டில் நாம் காணும் தமிழ்க் குடியிருப்புகளின் முன்னுரை எனலாம்.

சிம்லாவில் காணவேண்டிய கட்டடங்களுள் தலையாயது வைஸ்ராய் மாளிகை. சாம்பல்நிறக் கற்களால் எழுந்து நிற்கும் இம்மாளிகை 1888ஆம் ஆண்டில் நிறைவெய்திற்று. டஃபரின் பிரபு குடிபுகுந்தார். இதன் சிற்பி ஹென்றி இர்வின். இந்தப் பெயர் நமக்குப் புதியதன்று. சென்னை உயர் நீதிமன்றக் கட்டடத்தின் செம்மாடங்களும், மைசூர் அரண்மனையின் கோபுரங்களும் அவருடைய பெயரோடு இணைந்தவையே. வடகோடி மலைமுகட்டில் நின்று ஒரு தமிழர் இக்கட்டடத்தைப் பார்க்கும்போது, சென்னைக் கடற்கரையை அடுத்து அன்றாடம் கண்ட ஒரு கட்டடத்தின் உறவினரைப் பார்க்கிறார் என்று சொல்வது மிகையாகாது. 1945ஆம் ஆண்டு ஜூன் மாதம் வேவல் பிரபு கூட்டிய சிம்லா மகாநாடு இங்கேதான் நடந்தது. முன்னாள் பிரதம மந்திரி என்ற முறையில் சென்னை மாகாணத்தின் சார்பில் ராஜாஜி அதில் கலந்துகொண்டார். 1965ஆம் ஆண்டு அக்டோபர் மாதம், திருத்தணியில் பிறந்த ராஷ்டிரபதி டாக்டர் ராதாகிருஷ்ணன், இம்மாளிகையில் இந்திய உயர் ஆராய்ச்சிக் கழகத்தைத் தொடங்கி வைத்தார். ஆண்டவர் வாழ்ந்த மாளிகை ஆராய்வோர் வாழும் மாளிகை ஆயிற்று.

இனி, சிம்லாவிற்குச் செல்லும் வழியைப் பார்ப்போம். மலையடிவாரத்திலுள்ள கால்கா ஊரிலிருந்து சிம்லா வரையில் 96 கிலோமீட்டர் நீளமுள்ள சிறிய இருப்புப்பாதை 1903ஆம் ஆண்டு நவம்பர் மாதம் திறக்கப்பட்டது. தண்டவாளங்களுக்கு இடையிலுள்ள அகலம் இரண்டரை அடியே. 656 மீட்டர் உயரத்திலிருந்து 2,076 மீட்டர் உயரத்திற்கு இந்த ரெயில் ஏறுகிறது. நமது நீலகிரி ரெயில் செங்குத்தான இடத்தில் பற்சக்கரத்தைப் பல்லிருப்பில் பதித்துப் பிடித்துக்கொண்டு ஏறும். இங்கே அந்த உபாயம் இல்லை. மலையைச் சுற்றிச் சுற்றி வளைந்து, எண்ணூறுக்கும் மேற்பட்ட பாலங்களையும் நூற்றுக்கும் மேற்பட்ட குகைவழிகளையும் கடந்து, சரிவைச் சிறிது சிறிதாக வெல்வதே இங்குள்ள முறை. நீலகிரி ரெயிலை 2005ஆம் ஆண்டிலும் சிம்லா ரெயிலை 2008ஆம் ஆண்டிலும் யுனெஸ்கோ ஸ்தாபனம் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

குகைவழிகளுள் மிக நீண்டது பரோக் குகை. அதன் நீளம் 1,143 மீட்டர். இதைப் பற்றி மலைநாட்டில் வழங்கும் கதை ஒன்று உண்டு. பரோக் என்னும் எஞ்சினீயர் மலையின் இருபுறமும் தோண்டச் செய்தாராம். இரண்டு முனைகளும் நடுவில் சந்திக்கவில்லையாம். அவமானம் தாங்காமல் அவர் உயிரை மாய்த்துக்கொண்டாராம். பின்னர், எழுத்தறியாத பால்கு என்னும் மலைவாசி ஒருவர் தம் கைத்தடியால் மலைச்சுவரைத் தட்டித் தட்டி ஓசையறிந்து, தோண்டவேண்டிய திசையைக் காட்டினாராம். கதையின் ஒவ்வொரு விவரமும் மெய்தானா என்று நாம் வழக்காட வேண்டுவதில்லை. ஆனால் சிம்லாவிலுள்ள ரெயில்வே காட்சிச்சாலை இன்று அந்தப் பால்குவின் பெயரையே தாங்கி நிற்கிறது. மலையை அறிந்தவர்கள் மலைமக்களே என்ற உண்மையை அந்த மக்கள் மறக்க விரும்பவில்லை என்பதற்கு அது சான்று.

சிம்லாவோடு நின்றுவிடாமல் கிழக்கு நோக்கிப் புறப்படுகிறவர்கள், ஹிந்துஸ்தான் – திபெத் சாலை என்று பெயர் பெற்ற பாதையின் போக்கையே பின்பற்றுகிறார்கள். 1850ஆம் ஆண்டில், டல்ஹௌசி பிரபுவின் காலத்தில், இந்தச் சாலை தொடங்கப்பட்டது. சமவெளியிலிருந்து சிம்லா வழியே சட்லெஜ் நதிப் பள்ளத்தாக்கை அடைந்து, கின்னோர் நாட்டைக் கடந்து, திபெத் எல்லையைத் தொடவேண்டும் என்பது திட்டம். திபெத்தின் கம்பளியைக் கம்பெனியின் சந்தைக்குக் கொண்டுவருவது நோக்கங்களுள் ஒன்று. ஆட்களைக் கட்டாயமாகப் பிடித்துச் சுமை தூக்கச் செய்யும் வழக்கம் நல்ல பாதை அமைந்தால் ஒழியும் என்றும் அப்போது ஒரு வாதம் கூறப்பட்டது. சிம்லாவை விட்டு வெளியேறும் இடத்தில் சஞ்சௌலியை அடுத்துள்ள பழைய குகைவழி, அந்த முதல் ஆண்டுகளில் கைதிகளையும் கூலியாட்களையும் கொண்டு குடையப்பட்டது.

ஒழியும் என்று சொன்ன வழக்கம் ஒழிந்ததா? இல்லை, பெருகிற்று. சாலை நல்லதாக ஆக ஆக, அதில் பயணம் செய்யும் துரைமார்களின் எண்ணிக்கையும் கூடிற்று. வேட்டைக்குச் செல்கிறவர், காட்டிலாகாவைப் பார்வையிடுகிறவர், காட்சிக்காக மட்டும் செல்கிறவர் என்று பலர் வந்தனர். அவர்களுடைய கூடாரம், கட்டில், நாற்காலி, உணவுப் பெட்டி ஆகிய அனைத்தையும் தங்கலுக்குத் தங்கல் தூக்கிச் செல்ல ஆட்கள் வேண்டும். சாலையோரக் கிராமங்கள் ஆட்களை அனுப்பியாக வேண்டும். அறுவடைக் காலமாக இருந்தாலும், வீட்டில் நோயாளி கிடந்தாலும், முறை வந்தவர் போயாக வேண்டும். கொடுத்தால் அதிகாரி விதித்த சொற்பக் கூலி. கொடுக்காவிட்டால் அதுவும் இல்லை. ஆளோடு கூடப் பாலும் விறகும் புல்லும் கொண்டுவந்து வைக்கவேண்டிய கட்டாயமும் உண்டு. மறுத்தவருக்குத் தண்டனை. நகரத்திற்குள்ளேயும் நிலை வேறன்று. வைஸ்ராய் முதலிய இரண்டொருவரைத் தவிர வேறெவரும் மால் வீதியில் வண்டியோட்டக் கூடாது என்பது விதி. ஆகவே, ஏனைய கனவான்களையும் சீமாட்டிகளையும் மனிதர்களே ரிக்ஷாவில் வைத்து மேடு பள்ளங்களில் இழுத்துச் சென்றார்கள்.

1921ஆம் ஆண்டு இந்த வழக்கத்திற்குச் சாவுமணி அடித்த ஆண்டு. அவ்வாண்டு ஜனவரி மாதம், குமாவுன் மலைநாட்டிலே பாகேஷ்வர் என்னும் ஊரில், உத்தராயணத் திருவிழா நடந்தது. நாம் பொங்கல் கொண்டாடும் அதே நாள். சரயு நதியில் நீராட வந்து கூடிய பெருங்கூட்டத்தின் நடுவே பத்ரிதத் பாண்டே முதலிய தலைவர்கள் பேசினார்கள். கிராமத்துத் தலைவர்கள் தாங்கள் கொண்டுவந்திருந்த கட்டாயக் கூலிப் பதிவேடுகளை நதியில் எறிந்தார்கள். இனிச் சுமக்க மாட்டோம் என்று நீரைக் கையிலேந்தி ஆணையிட்டார்கள். மலைநாட்டுத் திருவிழா என்றால் ஆடலும் பாடலும் வியாபாரமும் மட்டுமே என்று எண்ணுகிறவர்கள் இந்தச் சம்பவத்தை நினைவில் வைக்க வேண்டும். சிதறிய கிராமங்களில் வாழும் மக்கள் ஒருவரையொருவர் முகம் பார்த்து முடிவெடுக்கத் திருவிழாவைவிடச் சிறந்த சபை அவர்களுக்கு வேறு இருந்ததில்லை.

அதே ஆண்டு மே மாதம் காந்தியடிகள் முதன்முறையாகச் சிம்லாவிற்கு வந்து வைஸ்ராய் ரீடிங் பிரபுவைச் சந்தித்தார். ஐந்நூறாவது மாடியில் உட்கார்ந்துகொண்டு கீழே கடை நடத்தும் வியாபாரியின் செயலைப் போன்றது சிம்லாவிலிருந்து இந்தியாவை ஆள்வது என்ற கருத்தில் அவர் எழுதினார். கீழிருப்பவர் குரல் மேலே எட்டாது என்பது அதன் பொருள்.

சிம்லாவிலிருந்து அதே சாலையில் ஏறத்தாழ எண்பது கிலோமீட்டர் தொலைவில் கோட்கட் வட்டாரம் இருக்கிறது. அங்கே அந்தக் குரலை எழுப்பியவர் ஓர் அமெரிக்கர் என்பது வியப்பிற்குரியது. சாமுவேல் ஸ்டோக்ஸ் என்பது அவர் பெயர். 1882ஆம் ஆண்டில் பிலடெல்பியா நகரத்துச் செல்வக் குடும்பம் ஒன்றில் பிறந்த இவர், 1904ஆம் ஆண்டில், சபாத்துவிலிருந்த தொழுநோயாளர் இல்லத்தில் ஊழியம் செய்வதற்காக இந்தியா வந்தார். பின்னர் கோட்கட்டில் குடியேறி, அவ்வூர்ப் பெண்மணி ஒருவரை 1912ஆம் ஆண்டில் மணந்துகொண்டு, நிலம் வாங்கி உழவரானார். உழவரான பின்புதான் அயலாரின் துன்பம் அவருக்கு உள்ளபடி விளங்கிற்று. வயலில் கதிர் முற்றிக் கிடக்கையில் உழவரைச் சாலைக்கு இழுத்துச் செல்வதை அவர் கண்டார். அதிகாரிகளுக்கு எழுதினார், பத்திரிகைகளில் எழுதினார், கடைசியில் மக்களைக் கூட்டி, நியாயம் கிடைக்கும் வரையில் எவரும் பேகாருக்குப் போகலாகாது என்று உறுதி பூணச் செய்தார். மக்கள் ஒருமுகமாக நின்றனர். 1921ஆம் ஆண்டிலேயே அரசாங்கம் இறங்கி வந்து அவ்வட்டாரத்தில் இந்த வழக்கத்தைத் தளர்த்த வேண்டியதாயிற்று. அவ்வாண்டு டிசம்பர் மாதத்தில் ஒத்துழையாமை இயக்கத்தை ஒட்டி ஸ்டோக்ஸ் கைது செய்யப்பட்டு ஆறு மாதச் சிறைத்தண்டனை பெற்றார். காந்தியடிகள் தமது ‘யங் இந்தியா’ பத்திரிகையில் அவரைப் பாராட்டி எழுதினார்.

இன்று நாம் தில்லிச் சந்தையில் வாங்கும் சிம்லா ஆப்பிளுக்கும் இவரே காரணகர்த்தர். ஆப்பிள் மரங்களை ஆங்கிலேயர் முன்னமே குலு முதலிய இடங்களில் வைத்திருந்தனர். ஆயினும் 1916ஆம் ஆண்டில் ஸ்டோக்ஸ் அமெரிக்காவிலிருந்து தருவித்துப் பயிரிட்ட ‘ரெட் டெலிஷஸ்’ என்னும் இனிப்பு வகையே இவ்வட்டாரத்தின் நிலையை மாற்றிற்று. அயலாருக்கும் அவர் கன்றுகளைக் கொடுத்துப் பயிரிடும் முறையைக் கற்பித்தார். சரிவான நிலத்தில் சாமையும் மக்காச்சோளமும் விளைத்து வயிறு வளர்த்த குடும்பங்கள், பழத்தோட்டங்களினால் கையில் காசைக் கண்டன. 1932ஆம் ஆண்டில் இந்து சமயத்தைத் தழுவிச் சத்தியானந்தர் என்று பெயர் பூண்ட ஸ்டோக்ஸ், 1946ஆம் ஆண்டில் மறைந்தார். முன்னே துரைமார்களின் கூடாரத்தைச் சுமந்து நடந்த அதே சாலையில், இப்போது உழவர் தம் சொந்தப் பழப்பெட்டிகளை லாரிகளில் ஏற்றி அனுப்புகிறார்கள். ஆவணி, புரட்டாசியில் இவ்வழியே சென்றால், எதிரே வரும் பழ லாரிகளுக்கு ஒதுங்கி நிற்பதே நம் வேலையாக இருக்கும். அந்தத் தாமதத்திற்கு நாம் சலித்துக்கொள்ளக் கூடாது.

ஆயினும் சிம்லாவைச் சூழ்ந்திருந்த சமஸ்தானங்களில் பேகார் அவ்வளவு விரைவில் மடியவில்லை. சிம்லாவிற்கு அருகிலுள்ள தாமி சமஸ்தானத்தில், பேகாரை ஒழிக்க வேண்டும், நிலவரியைக் குறைக்க வேண்டும் என்ற கோரிக்கைகளோடு பிரஜா மண்டலத்தார் 1939ஆம் ஆண்டு ஜூலை 16ஆம் நாள் ராணாவின் இருப்பிடத்தை நோக்கி ஊர்வலமாகச் சென்றனர். துப்பாக்கிப் பிரயோகம் நடந்தது, இருவர் உயிரிழந்தனர். பத்தாண்டுகளுக்குமேல் கழிந்து, 1950ஆம் ஆண்டு ஜனவரி 26ஆம் நாள் நடைமுறைக்கு வந்த நமது அரசியல் சட்டம், 23ஆம் விதியில் கட்டாய ஊழியத்தைத் தடை செய்தது. அந்த விதியின் ஆங்கில மூலத்தில் ‘பேகார்’ என்னும் நாட்டுச் சொல்லே அப்படியே இடம் பெற்றிருக்கிறது. அன்னிய மொழியில் அதற்கு நேரான சொல் இல்லாமற் போயிற்று போலும்! அந்த ஒரு சொல்லுக்குள், இம்மலைச் சாலையில் நடந்த எத்தனையோ பெயரறியாதவர்களின் வியர்வை அடங்கிக் கிடக்கிறது.

சாலையின் போக்கை இனித் தொடர்ந்து பார்ப்போம். சிம்லாவிலிருந்து குஃப்ரி, ஃபாகு, தியோக், மத்தியானா ஆகிய ஊர்களைக் கடந்து நார்கண்டாவை அடைகிறோம். 2,700 மீட்டர் உயரத்தில் இருக்கும் இவ்விடத்திலிருந்து ஹாட்டு சிகரத்திற்கு ஒரு கிளைப்பாதை பிரிகிறது; சிகரத்தின்மேல் மரவேலைப்பாடு மிகுந்த ஹாட்டு மாதா கோயில் உண்டு. நார்கண்டாவிலிருந்து ஒரு கிளை கோட்கட், தானேதார் பழத்தோட்டங்களின் வழியே செல்கிறது. தானேதாரில் ஸ்டோக்ஸ் கட்டுவித்த பரஞ்சோதி மந்திரத்தைக் காணலாம். நெடுஞ்சாலையோ சட்லெஜ் நதியை நோக்கி வளைந்து வளைந்து இறங்குகிறது. தேவதாருவின் குளிர் போய், பள்ளத்தாக்கின் வெம்மை வந்து சேரும். சிம்லாவிலிருந்து சுமார் 130 கிலோமீட்டரில், நதிக்கரையில் ராம்பூர் என்னும் நகரம் இருக்கிறது. புஷஹர் சமஸ்தானத்தின் தலைநகரமாக விளங்கிய ஊர் இது.

ராம்பூரில் ஆண்டுதோறும் நவம்பர் 11ஆம் நாள் தொடங்கும் லவி சந்தை, இமாசலத்தின் பெரிய விழாக்களுள் ஒன்று. பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் புஷஹர் மன்னர் கேஹரி சிங் திபெத்தோடு செய்துகொண்ட உடன்படிக்கையிலிருந்து இச்சந்தை தோன்றிற்று என்பது வழிவழி வந்த செய்தி. ‘லோயி’ என்னும் கம்பளிப் போர்வையின் பெயரே லவி என்று ஆயிற்று என்பர். பனி விழுந்து கணவாய்கள் மூடுவதற்கு முன், மேல்நாட்டு இடையர்கள் தம் மந்தைகளோடு கீழே இறங்கும் காலம் அது. திபெத்திலிருந்து கம்பளியும் உப்பும் குதிரைகளும் வந்தன. கீழ்நாட்டிலிருந்து தானியமும் வெல்லமும் துணியும் உலோகப் பாத்திரங்களும் சென்றன. கொடுத்தும் கொண்டும் இரு நாட்டு மக்களும் ஒரு குளிர்காலத்திற்கு வேண்டியதைச் சேர்த்துக்கொண்டனர். பகலில் வியாபாரம், இரவில் தீயைச் சுற்றிக் கைகோத்து ஆடும் ‘நாட்டி’ நடனம்.

1962ஆம் ஆண்டின் சீனப் போரினால் அந்தப் பழைய வாணிகம் அற்றுப்போயிற்று. கின்னோரிலுள்ள சிப்கி கணவாய் வழியே 1990களில் சிறு அளவில் வியாபாரம் மீண்டும் தொடங்கிய போதிலும், முன்போல் மந்தைகள் இறங்கி வரும் காட்சி திரும்பவில்லை. ஆயினும் சந்தை கூடாமல் நிற்கவில்லை. கின்னோர் மக்கள் கம்பளி ஆடைகளையும் சில்கோசா என்னும் பைன் கொட்டையையும், உலர்ந்த பழங்களையும் கொண்டுவந்து விற்கிறார்கள். மலைப்பாதைகளுக்குப் பெயர் பெற்ற சாமுர்த்திக் குதிரைகள் விலை பேசப்படுகின்றன. கோடையில் கூட்டத்தோடு கூட்டமாகச் சிம்லாவை மட்டும் பார்த்துத் திரும்புகிறவர்கள், ஒரு முறையேனும் தீபாவளிக்கு அண்மையில் விடுப்பெடுத்து, வானம் தெளிந்திருக்கும் கார்த்திகைத் தொடக்கத்தில் இச்சந்தையைக் கண்டு வரலாம். நமக்காக ஜோடிக்கப்பட்ட கண்காட்சியாக இன்றி, அங்கே வாழ்கிறவர்கள் தங்களுக்காகவே நடத்திக்கொள்ளும் கூட்டத்தை அங்கே காண்போம்.

சுதந்திரத்திற்குப் பிறகு சிம்லாவின் தகுதியும் மாறிற்று. 1948ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் நாள் மலைநாட்டுச் சமஸ்தானங்கள் பல ஒன்றிணைந்து இமாசலப் பிரதேசம் பிறந்தது. 1971ஆம் ஆண்டு ஜனவரி 25ஆம் நாள் அது முழு மாநிலமாயிற்று. பனி பொழிந்துகொண்டிருக்க, ரிட்ஜ் திடலில் கூடிய மக்களின் முன் பிரதமர் இந்திரா காந்தி அதை அறிவித்தார். துரைமார்கள் மாலையில் உலாவிய அதே திடலில், சுமை தூக்கியவர்களின் பேரப்பிள்ளைகள் தங்கள் மாநிலம் பிறந்த செய்தியைக் கேட்டு நின்றார்கள். அடுத்த ஆண்டு ஜூலை மாதம் இந்தியாவும் பாகிஸ்தானும் சிம்லா ஒப்பந்தத்தில் இங்கேதான் கையெழுத்திட்டன.

கட்டாய ஊழியம் ஒழிந்தது. எனினும் மலையின்மீது சுமை ஏற்றும் வழக்கம் முற்றும் ஒழிந்துவிட்டதா என்பதை நாம் எண்ணிப் பார்க்கக் கடமைப்பட்டிருக்கிறோம். 2018ஆம் ஆண்டுக் கோடையில் சிம்லாவில் குடிநீர்ப் பஞ்சம் ஏற்பட்டது. குடங்களோடு ஊர்மக்கள் வரிசையில் நிற்க, வெளியூரார் இப்போது வராதிருந்தால் நலம் என்று அவ்வூரார் வேண்டிக்கொள்ளும் நிலை வந்தது. 2023ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்துப் பெருமழையில் மலைச்சரிவுகள் பெயர்ந்தன. சம்மர் ஹில் பகுதியில் சிவன் கோயில் ஒன்று மண்ணில் புதைந்து, வழிபட வந்திருந்தவர்கள் உட்பட இருபது பேர் மாண்டனர். நூற்றிருபது ஆண்டு கண்ட இருப்புப்பாதையின் ஒரு பகுதி அடிமண் இழந்து அந்தரத்தில் தொங்கிற்று. சில ஆயிரம் பேர் வாழ அமைந்த முகட்டில் வீட்டின்மேல் வீடாகவும் விடுதியின்மேல் விடுதியாகவும் எழுப்பியதும், சாலைகளை அகலப்படுத்த மலையைச் செங்குத்தாக வெட்டியதும், தண்ணீர் வடியும் வழிகளை அடைத்ததும், இயற்கையின் சீற்றத்திற்குத் துணை நின்றன. அந்த விடுதிகளும் அகன்ற சாலைகளும் பெரும்பாலும் நம்மைப் போன்ற விருந்தினரை உத்தேசித்தே எழுந்தவை என்பதை மறுப்பதற்கில்லை.

ஆகையால் மலைக்கே போகாதிருப்போம் என்று முடிவு கட்டுவதா? அது வேண்டியதில்லை. விருந்தினர் வருகையால் பிழைக்கும் குடும்பங்கள் அங்கே ஆயிரக்கணக்கில் உண்டு. போகிற விதத்தைச் சற்றே மாற்றிக்கொண்டால் போதும். நெரிசல் மிகுந்த நாட்களைத் தவிர்க்கலாம். ஒவ்வொருவரும் தனித்தனி வண்டியில் ஏறாமல், ரெயிலிலும் அரசாங்கப் பஸ்ஸிலும் செல்லலாம். மூன்று ஊர்களை மூன்று நாளில் ஓடிப் பார்ப்பதை விட்டு, ஓரிடத்தில் தங்கி அவ்வூர்ப் பேச்சையும் உணவையும் அறிந்து வரலாம். தண்ணீரை நம் வீட்டுத் தண்ணீராக எண்ணிச் செலவிடலாம்.

இன்னொன்றும் உண்டு. சிம்லாவின் மால் வீதியில் இன்றும் முதுகில் கயிறு கட்டிச் சுமை தூக்கிச் செல்லும் தொழிலாளர்களைக் காணலாம். அவர்களுள் பலர் காஷ்மீரத்திலிருந்து பிழைப்பிற்காக வந்தவர்கள். சமையல் வாயு உருளையும், இரும்புப் பீரோவும், நம் பெட்டிகளும் அவர்கள் முதுகிலேயே ஏறுகின்றன. வேற்று நாட்டில் வேற்று மொழியினரிடையே பிழைப்புத் தேடும் வாழ்க்கையின் கசப்பும் கௌரவமும் நமக்குத் தெரியாதவை அல்ல. பேகார் சுமந்தவருக்குக் கூலியைப் பேச உரிமை இல்லை, இவருக்கு உண்டு. அந்த உரிமையைப் பெற நூறாண்டுக்குமேல் ஆயிற்று என்பதை மேலே கண்டோம். ஆகவே அவர் கேட்கும் நியாயமான கூலியைப் பத்து ரூபாய் குறைக்கச் சொல்லி நடுவீதியில் வாதாடுமுன், அவர் நின்றுகொண்டிருக்கும் சாலையின் சரித்திரத்தை ஒரு கணம் நினைத்துப் பார்ப்போமாக. மலையழகை நமக்குக் காட்டித் தருகின்ற அந்தச் சாலைக்கு நாம் செலுத்தவேண்டிய கடன் அதுவே.